இரண்டு நாட்டு மாணவர்கள், ஒரே மென்பொருள்: கூட்டு வகுப்பு நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

"புரிந்ததா?" என்று ஸ்வீடனிலிருந்து ஒரு மாணவி கேட்டார். இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் "யெஸ், யெஸ்" என்றார்கள். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று முகங்களிலும் தெளிவே இல்லை. இரண்டு வாரம் கழித்து இரு பக்க நிரல்களையும் சேர்த்து ஓட்டியபோது விஷயம் தெரிந்தது. அந்த மாணவி 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்று சொன்னது பயனர் புதுக் கணக்கு தொடங்குவதை. இவர்கள் கட்டி வைத்திருந்தது நிகழ்ச்சிக்கு இடம் பதிவு செய்யும் பக்கத்தை. இரண்டுமே நன்றாக எழுதப்பட்ட நிரல்கள். ஒன்றோடொன்று பேசத்தான் முடியவில்லை.

அந்த மூன்று பேரும் சோம்பேறிகள் இல்லை, ஆங்கிலம் தெரியாதவர்களும் இல்லை. புரியவில்லை என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. இந்த வகுப்பை எத்தனை தடவை நடத்தினாலும் நான் வந்து நிற்கும் இடம் இதுதான். கீழே சொல்லப்போகும் ஏற்பாடுகள் எல்லாமே ஒரே நோக்கத்துக்காக: குழுவில் ஒருவருக்குப் புரியாவிட்டால், அது அன்றைக்கே வெளியே வந்துவிட வேண்டும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து மென்பொருள் பொறியியல் பாடம் நடத்த நினைக்கும் கல்லூரி ஆசிரியர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இப்படி நடத்துவது புதிதல்ல. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகமும் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் வேலி ஸ்டேட் பல்கலைக்கழகமும் 1998இலேயே 'ரூன்ஸ்டோன்' என்ற பெயரில் இரு நாட்டு மாணவர்களைக் கலந்து குழு அமைத்தன. 2003இலிருந்து ஸ்வீடனின் மெலார்டாலன், குரோஷியாவின் ஜாக்ரெப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து இதே மாதிரி ஒரு பாடம் நடத்தின. சூரிச்சின் இ.டி.எச். பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கிய 'டோஸ்' பாடத்தில் பல கண்டங்களின் பல்கலைக்கழகங்கள் கலந்துகொண்டன. இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்வீடனிலும் குரோஷியாவிலும் கடிகாரம் ஒரே மணிதான் காட்டும். அப்படியிருந்தும் சேர்ந்து வேலை செய்வதைத் தனிப் பாடமாகச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

1. முதல் குழு ஆசிரியர்களுடையது

வகுப்பு தொடங்க ஆறு மாதம் இருக்கும்போதே இரு பக்க ஆசிரியர்களும் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். மாணவர்களிடம் என்ன ஒழுங்கை எதிர்பார்க்கிறீர்களோ, அதை முதலில் நீங்கள் இருவரும் பழகுங்கள். பேசியதை எழுதுங்கள், எழுதியதை அனுப்புங்கள், பதில் வராவிட்டால் திரும்பக் கேளுங்கள்.

முதல் விஷயம் நாட்காட்டி. நம் ஊரில் ஒற்றைப்படை செமஸ்டர் ஏறத்தாழ ஜூலையில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. ஸ்வீடனில் இலையுதிர்காலப் பருவம் ஆகஸ்ட் கடைசியில்தான் தொடங்கும். ஜெர்மனியில் குளிர்காலப் பருவ வகுப்புகளே அக்டோபர் நடுவில்தான். அதனால் ஸ்வீடனோடு சேர்ந்தால் ஒன்பது பத்து வாரம் பொதுவாகக் கிடைக்கும், ஜெர்மனியோடு என்றால் அதில் பாதிகூடத் தேறாது. கிடைப்பதிலும் இன்டர்னல் தேர்வு, ஆயுதபூஜை, தீபாவளி என்று கழித்துவிட்டுப் பாருங்கள். எட்டு வாரம் மிஞ்சினால் தாராளமாக நடத்தலாம். ஆறுக்குக் கீழே போனால் அந்த வருடம் வேண்டாம் என்பது என் கருத்து. பழகி முடிப்பதற்குள் பாடம் முடிந்துவிடும்.

அடுத்தது உழைப்பு நேரம். இதைப் பலரும் பேசாமலே விட்டுவிடுகிறார்கள், பின்னால் வரும் பாதி மனக்கசப்புக்கு இதுதான் காரணம். ஐரோப்பாவில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணிநேர மொத்த உழைப்பு. வீட்டில் படிப்பதும் நிரல் எழுதுவதும் அதற்குள் அடக்கம். ஆகவே 5 கிரெடிட் பாடம் என்றால் அவர்கள் குறைந்தது 125 மணிநேரத்துக்குத் தயாராக வருவார்கள். நம்மிடம் ஒரு கிரெடிட் என்பது வாரம் ஒரு மணிநேர வகுப்பு, அல்லது இரண்டு மணிநேர ஆய்வகம். அதற்கு மேல் எவ்வளவு உழைக்க வேண்டும் என்பது பல பாடத்திட்டங்களில் எழுதியிருக்காது. நம் மாணவருக்கு அதே செமஸ்டரில் வேறு ஐந்தாறு பாடங்கள், கூடவே பிளேஸ்மென்ட் பயிற்சி. அந்தப் பக்கம் வாரம் பன்னிரண்டு மணிநேரமும் இந்தப் பக்கம் நான்கு மணிநேரமும் உழைத்தால், மூன்றாவது வாரமே "இந்தியர்கள் வேலை செய்வதில்லை" என்ற பேச்சு கிளம்பிவிடும். அதனால் வாரத்துக்கு இத்தனை மணிநேரம் என்று இரு பக்கத்துக்கும் ஒரே எண்ணை எழுதுங்கள். எட்டு என்றால் இரு பக்கமும் எட்டு. அந்த எட்டில் எத்தனை கால அட்டவணைக்குள் வருகிறது என்பதையும் குறித்துவிடுங்கள்.

மூன்றாவது மதிப்பெண். ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 5.0 என்றால் தோல்வி. சுவிட்சர்லாந்தில் அப்படியே தலைகீழ்: 6 உச்சம், 4 வாங்கினால் தேர்ச்சி. நமக்குப் பத்துப் புள்ளி அளவுகோல். ஒரு பக்கம் வெறும் தேர்ச்சி போதும், இன்னொரு பக்கம் ஒவ்வொரு புள்ளியும் வேலை வாய்ப்பைத் தீர்மானிக்கும் என்றால் மாணவர்களின் அவசரமும் பதற்றமும் வேறு வேறாகத்தான் இருக்கும். இதை மறைக்க வேண்டாம். முதல் வாரமே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். தன் நண்பர் ஏன் இரவு பதினொரு மணிக்குப் படபடக்கிறார் என்று மற்றவருக்குப் புரியட்டும்.

மாணவர்களின் பெயர், மின்னஞ்சல், மதிப்பெண் ஆகியவற்றை எங்கே வைப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல் தனிநபர் தரவுச் சட்டம் கடுமையானது. மதிப்பெண் பட்டியலைக் கூகுள் ஷீட்டில் போட்டு இணைப்பை அனுப்பும் நம் பழக்கம் அங்கே செல்லாது.

2. கடிகாரமும் கல்லூரிப் பேருந்தும்

இந்திய நேரத்துக்கும் மத்திய ஐரோப்பிய நேரத்துக்கும் கோடையில் மூன்றரை மணிநேர வித்தியாசம், குளிர்காலத்தில் நான்கரை. அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்னுக்குத் தள்ளுகிறார்கள், நாம் தள்ளுவதில்லை. வகுப்பு சூடு பிடிக்கும் நேரத்தில்தான் இது வரும். அடுத்த நாள் கூட்டத்துக்குப் பாதிப் பேர் ஒரு மணிநேரம் முன்பே வந்து காத்திருப்பார்கள். எல்லாக் கூட்டத்தையும் யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் எழுதி, பக்கத்தில் இரண்டு ஊர் நேரத்தையும் போடச் சொல்லுங்கள். அமெரிக்கா இருந்தால் இன்னும் கவனம் தேவை. அங்கே கடிகாரம் மாறுவது நவம்பர் முதல் ஞாயிறு.

வெளிநாட்டு ஆசிரியருக்குத் தானாகத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவர்கள் "உங்களுக்கு மாலை ஐந்தரை, வகுப்பு முடிந்த நேரம், வசதிதானே?" என்பார்கள். அந்த நேரத்தில் நம் மாணவர்களில் பாதிப் பேர் கல்லூரிப் பேருந்தில் இருப்பார்கள். சிக்னல் வந்து வந்து போகும். மகளிர் விடுதியில் ஆறு ஆறரைக்குள் உள்ளே போயாக வேண்டும், அறையில் வைஃபை இருக்குமா என்பதும் கல்லூரியைப் பொறுத்தது. மாலைக் கூட்டம் என்று வைத்தால் முதலில் காணாமல் போவது பெண்கள்தான். அக்கறை குறைவு என்று அந்தப் பக்கம் நினைப்பார்கள், காரணம் வேறு. துறைத் தலைவரிடம் பேசி, வாரம் ஒரு நாள் மதியம் இரண்டு முதல் நான்கு வரை ஆய்வக நேரமாக கால அட்டவணையிலேயே வாங்கிவிடுங்கள். குளிர்காலத்தில் அது ஸ்டாக்ஹோமில் காலை ஒன்பதரை. இரண்டு பக்கமும் விழித்திருக்கும், நல்ல இணைப்பும் இருக்கும். நான் செய்த ஏற்பாடுகளில் அதிகப் பலன் தந்தது இந்த ஒன்றுதான்.

3. திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது

மெல்வின் கான்வே 1968இல் ஒரு கட்டுரையில் சொன்னது இன்று அவர் பெயராலேயே விதியாக வழங்குகிறது: எந்த நிறுவனமும் தனக்குள் பேசிக்கொள்ளும் விதத்தின் நகலாகத்தான் தன் மென்பொருளை வடிவமைக்கும். இரண்டு ஊர், இரண்டு குழு என்றால் மென்பொருளும் இரண்டாகத்தான் பிளந்து நிற்கும்.

அதனால் என் முதல் விதி: நாட்டை வைத்து வேலையைப் பிரிக்காதீர்கள். "முகப்புப் பக்கம் அவர்கள், பின்புலம் நாங்கள்" என்பது ஆசிரியருக்குச் சுலபம், மாணவருக்கும் நிம்மதி. பேச வேண்டிய அவசியமே இருக்காது. ஆனால் பேசுவதைக் கற்கத்தானே இத்தனை தூரம் வந்தோம்? ஒவ்வொரு அம்சத்தையும் இரண்டு நாட்டிலிருந்தும் ஒவ்வொருவர் சேர்ந்து எடுக்கட்டும். தேடல் பக்கம் என்றால் கோவையில் ஒருவர், உப்சாலாவில் ஒருவர். முதல் இரண்டு வாரம் மெதுவாகத்தான் போகும். அந்த மெதுவுக்கு அட்டவணையில் இடம் விடுங்கள். ஹெர்ப்ஸ்லெப், மோக்கஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றின் தரவை வைத்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஊர்கள் தாண்டிச் செய்யும் வேலை ஒரே ஊரில் செய்யும் அதே அளவு வேலையைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு காலம் எடுப்பதாகக் கண்டார்கள். சம்பளம் வாங்கும் அனுபவசாலிகளுக்கே அப்படி. மாணவர்களிடம் வழக்கமாகக் கேட்பதில் பாதியைக் கேளுங்கள்.

இரண்டாவது விதி: வேறுபாடுகள் மென்பொருளுக்குள்ளேயே வந்து மோதும்படியான திட்டமாகப் பாருங்கள். ரூன்ஸ்டோன் வகுப்பில், பலகையைச் சாய்த்து எஃகு உருண்டையை ஓட்டும் 'பிரியோ' விளையாட்டுப் பொம்மையை மாணவர்கள் இணையம் வழியே இயக்க வேண்டும். பொம்மை ஓர் ஊரில், அதை ஓட்டுபவர்களில் பாதிப் பேர் இன்னோர் ஊரில். எங்கோ இருப்பதை நம்பி வேலை செய்ய வேண்டும் என்ற பாடம் பொம்மைக்குள்ளேயே இருந்தது.

அவ்வளவு கருவி வேண்டியதில்லை. நான் அடிக்கடி கொடுப்பது, பல நாட்டவர் கலந்துகொள்ளும் நிகழ்ச்சிக்கான பதிவுச் செயலி. கேட்கச் சாதாரணமாக இருக்கும். உள்ளே போனால் ஒவ்வொன்றாக வரும். 03/04 என்பது ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா? ஜெர்மனியில் 1,50 என்றால் ஒன்றரை, நமக்குக் காற்புள்ளி வேறு வேலை செய்யும். ஒரு லட்சத்தை நாம் 1,00,000 என்று எழுதுகிறோம், அவர்கள் எழுத்துப்பிழை என்று நினைக்கிறார்கள். 'குடும்பப் பெயர்' என்ற பெட்டியைக் கட்டாயமாக்கி ஓர் ஐரோப்பிய மாணவர் படிவம் செய்வார். நம் மாணவருக்கு இருப்பது தன் பெயரும் அப்பா பெயரின் முதலெழுத்தும் மட்டும். 'கு.' என்று போட்டால் "குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்" என்று செயலி திருப்பி அனுப்பும். அப்போது அந்த மாணவர் தன் பெயர் எப்படி அமைந்தது என்று விளக்கியே ஆக வேண்டும். வாயே திறக்காத ஒருவர் முதன்முதலாகக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசியதை நான் பார்த்தது இந்த இடத்தில்தான்.

'தமிழ்' என்ற சொல்லையும் சோதனையில் சேருங்கள். நமக்கு மூன்று எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் ஐந்து குறியீடுகள், அவற்றைக் கணினியில் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் பதினைந்து பைட். பெயருக்கு இருபது பைட் ஒதுக்கிய குழு அன்றைக்கே கற்றுக்கொள்ளும்.

4. குழு அமைப்பது

ஆசிரியர்தான் பிரிக்க வேண்டும். மாணவர்களிடம் விட்டால் நண்பர்கள் நண்பர்களோடு சேர்ந்துவிடுவார்கள், மிச்சம் இருப்பவர்கள் ஒரு குழு ஆவார்கள். ஆறு பேர் சரியான அளவு, பக்கத்துக்கு மூன்று. நான்கு பேர் என்றால் ஒருவர் விலகியதும் குழு சாய்ந்துவிடும். எட்டு என்றால் இரண்டு பேர் ஒளிந்துகொள்ளலாம். முதல் தடவை நடத்தும்போது இரண்டு நாடு போதும், மூன்றாவது நாட்டை அடுத்த வருடம் பார்க்கலாம்.

யாரையும் தன்னந்தனியாக விடாதீர்கள். ஐந்து ஸ்வீடன்காரர்களுக்கு நடுவே ஒரே ஓர் இந்திய மாணவர் என்றாலும், ஐந்து ஆண்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண் என்றாலும் அவர் குரல் அமுங்கிவிடும்.

பிரிப்பதற்கு முன் ஒரு சிறிய படிவம் கொடுத்து நான்கு விஷயம் கேளுங்கள்: என்ன மொழியில் நிரல் எழுதியிருக்கிறார், வீட்டில் இணைப்பு எப்படி, சொந்தக் கணினி இருக்கிறதா, வாரத்தில் எந்த நேரம் முடியவே முடியாது. கடைசிக் கேள்விக்குக் காரணம் கேட்க வேண்டாம்.

5. முதல் வாரம் நிரல் இல்லை

முதல் வாரத்தில் ஒரு வரி நிரலும் எழுத விடாதீர்கள். இரண்டு பக்கமும் முணுமுணுக்கும், பரவாயில்லை.

பெயரிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்லிப் பதிவு செய்து பொது இடத்தில் போடட்டும். மற்றவர்கள் கேட்டு, சொல்லிப் பழகி, அடுத்த கூட்டத்தில் சரியாகக் கூப்பிட வேண்டும். 'ழ' வராத ஸ்வீடன்காரர் முயன்று பார்ப்பதும், 'Å' எழுத்துக்கு என்ன ஒலி என்று நம் மாணவர் கேட்பதும் அங்கே நடக்கும் நல்ல விஷயங்கள். இருங்கள், அந்த எழுத்தைத் தமிழில் 'ஓ' என்று சொன்னால் ஏறத்தாழச் சரியாக வரும்.

பிறகு ஆசிரியரை எப்படிக் கூப்பிடுவது. ஸ்வீடனில் மாணவர்கள் பேராசிரியரை முதல் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். நம் மாணவர்களுக்கு அது தொண்டையில் நிற்கும். "சார்" என்றே சொல்லட்டும், கட்டாயப்படுத்தாதீர்கள். ஆனால் அந்தப் பக்க மாணவர் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு "உங்கள் அட்டவணையில் தவறு இருக்கிறது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னால், நீங்கள் முகம் மாறாமல் "ஆமாம், திருத்துகிறேன்" என்று சொல்ல வேண்டும். நம் மாணவர்கள் அந்த நொடியில் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு மாதம் பாடம் நடத்திச் சொல்ல வேண்டியதை அந்த ஒரு பதில் சொல்லிவிடும்.

அதே வாரத்தில் குழு ஒரு பக்க ஒப்பந்தம் ஒன்றை எழுதட்டும். எங்கே பேசுவோம், ஒரு கேள்விக்கு எத்தனை மணிநேரத்துக்குள் பதில் தருவோம், யார் எந்த நாள் விடுமுறை, ஒருவர் பதிலே தராவிட்டால் என்ன செய்வோம். கடைசியாக, திட்டத்தில் வரும் இருபது முப்பது சொற்களுக்கு ஒரு சொற்பட்டியல். 'பயனர்' யார், 'பதிவு' எது, 'முடிந்தது' என்றால் என்ன. முடிந்தது என்பதற்கு ஒருவருக்கு "என் கணினியில் ஓடுகிறது" என்று பொருள், இன்னொருவருக்கு "சோதித்து, இன்னொருவர் படித்து, குழுவின் பொது நிரலில் சேர்த்தாயிற்று" என்று பொருள். முதலில் சொன்ன விபத்துக்குப் பிறகு இந்தப் பட்டியலை நான் ஒரு வருடமும் விட்டதில்லை.

6. 'சரி' என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

தமிழில் பெரியவர் ஒருவர் சொல்வதற்கு நாம் "சரி" என்றால், பல நேரம் "நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, மேலே சொல்லுங்கள்" என்றுதான் பொருள். "சரிங்க சார்" என்பதில் மரியாதையும் இருக்கிறது. ஒப்புக்கொண்டேன், புரிந்தது, செய்துவிடுவேன் என்ற மூன்றும் அதில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். குரலை வைத்து நாம் கண்டுபிடிப்போம். வடக்கு ஐரோப்பியர் காதில் அது வாக்குறுதியாக விழுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று கேட்டார், யெஸ் என்றார்கள், ஆகவே வெள்ளிக்கிழமை வரும். வராதபோது அவருக்கு அது தாமதமாகத் தெரிவதில்லை, பொய்யாகத் தெரிகிறது.

மறுபக்கமும் இருக்கிறது. அவர்கள் நிரலைப் படித்துவிட்டு "இது தவறு, மாற்று" என்று ஒரே வரி எழுதுவார்கள். அவர்களுக்கு அது நிரலைப் பற்றிய பேச்சு. நம் மாணவருக்கு எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கிய மாதிரி இருக்கும். அடுத்த நாள் அவர் எதுவும் அனுப்ப மாட்டார்.

நாடுகளின் பண்பாட்டை ஒப்பிட்ட ஆய்வாளர் ஹோஃப்ஸ்டெட், மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்பதற்கு 'அதிகார இடைவெளி' என்று ஒவ்வொரு நாட்டுக்கும் எண் கொடுத்த அட்டவணையை எடுத்து, இந்தியா 77, ஸ்வீடன் 31 என்று காட்டிப் பாடத்தை முடித்துவிடும் ஆசை வரும். ஒரு தடவை காட்டுங்கள், தவறில்லை. அந்த எண்கள் நாட்டுச் சராசரி. உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அந்த எண் கிடையாது. கூச்ச சுபாவமுள்ள ஸ்வீடன் மாணவர்களையும், முகத்துக்கு நேராகப் பேசும் மதுரை மாணவிகளையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அட்டவணையைவிடப் பயிற்சி உதவும். நான் செய்யவைப்பது மூன்று.

ஒன்று, 'திருப்பிச் சொல்வது'. கூட்டத்தில் யாரும் "புரிந்ததா?" என்று கேட்கக் கூடாது. அதற்குப் பதில் எப்போதும் ஆம்தான். வேலையை வாங்கிக்கொண்டவர் தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும்: "நான் புரிந்துகொண்டது இது. பயனர் மின்னஞ்சல் கொடுத்துக் கணக்கு தொடங்கும் பக்கத்தை நான் செய்கிறேன்." சொன்ன பிறகு அதையே எழுத்திலும் போட வேண்டும்.

இரண்டு, கேள்வியைச் சுலபமாக்குவது. ஒவ்வொருவரும் வாரத்துக்குக் குறைந்தது இரண்டு கேள்வியைப் பொதுச் சேனலில், அதாவது குழு முழுவதும் படிக்கும் அரட்டைப் பக்கத்தில், கேட்டாக வேண்டும், அதற்கு மதிப்பெண் உண்டு. சில வாரம் செயற்கையாக இருக்கும். பிறகு கூச்சம் கழன்றுவிடும். கேள்வி கேட்பது தகுதிக்குறைவு இல்லை என்று வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மதிப்பெண் கொடுத்தால் நம்புகிறார்கள்.

மூன்று, முடியாது என்பதற்கு வாக்கியம் கொடுப்பது. "நோ" என்று சொல்ல நம் மாணவர்களுக்கு வராது. "வெள்ளிக்கிழமைக்குள் இவ்வளவு முடியும், மீதி செவ்வாய்க்கிழமை" என்று சொல்ல வரும். அந்தப் பக்கத்தாருக்கும் ஒரு பயிற்சி: நிரலைப் படித்து எழுதும் குறிப்பில் என்ன பிரச்சினை, ஏன், எப்படி மாற்றலாம் என்று மூன்றும் இருக்க வேண்டும்.

இதெல்லாம் பள்ளிக்கூடப் பயிற்சி போலத் தோன்றினால், 1999 செப்டம்பர் 23 அன்று நாசா இழந்த செவ்வாய் விண்கலத்தின் கதையைச் சொல்லுங்கள். டென்வரில் இருந்த லாக்ஹீட் மார்ட்டின் குழுவின் மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுத்தது. கலிஃபோர்னியாவில் நாசாவின் ஜே.பி.எல். ஆய்வகத்தில் விண்கலத்துக்கு வழிகாட்டும் குழு அது நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. 4.45 மடங்கு வித்தியாசம். இரண்டும் ஒரே நாட்டில், ஒரே மொழி பேசும் குழுக்கள். கணக்கு சரியாக வரவில்லை என்று சிலருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. அந்தச் சந்தேகம் முறையாக மேலே போகவே இல்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது. மாணவர்கள் அலகு மாறிப்போனதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள். சந்தேகம் எங்கே நின்றுபோனது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

7. இரண்டாவது வாரமே இணைத்து ஓட்டுங்கள்

நிரலைப் பொது இடத்தில் வைத்து மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட், கிட்ஹப் போன்ற கருவிகளைப் பற்றி நிறைய எழுத வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிகிறது. இரண்டு விஷயம் மட்டும்.

இரண்டாவது வாரக் கடைசிக்குள், எதுவுமே செய்யாத ஆனால் முழுவதும் இணைந்த ஒரு செயலி ஓட வேண்டும். ஒரு பொத்தான், ஒரு தரவுத்தள வரி, திரையில் ஒரு சொல் போதும். அந்தப் பக்கம் எழுதியதும் இந்தப் பக்கம் எழுதியதும் அதில் சேர்ந்து ஓட வேண்டும். அன்றிலிருந்து தினமும் தானியங்கிச் சோதனை ஓடட்டும். சேர்ப்பதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளும் குழு நிச்சயம் தடுமாறும். எல்லோரிடமும் கருவிகளின் அதே பதிப்பு இருக்கிறதா என்பதையும் இங்கேயே பாருங்கள். ஏர்பஸ் ஏ380 விமானத்தை வடிவமைத்தபோது ஹாம்பர்க் அணியும் துலூஸ் அணியும் ஒரே வடிவமைப்பு மென்பொருளின் வேறு வேறு பதிப்பைப் பயன்படுத்தின. தயாரான வயர்கள் விமானத்தில் பொருத்தும்போது நீளம் போதவில்லை. 2006இல் அறிவித்த பெரிய தாமதங்களுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது, புல் ரிக்வெஸ்ட், அதாவது என் மாற்றத்தைப் பொது நிரலில் சேர்க்கலாமா என்று கேட்டு அனுப்புவது, சிறிதாக இருக்க வேண்டும். இருநூறு வரிக்கு மேல் வந்தால் திருப்பி அனுப்புங்கள். ஒருவர் எழுதியதை மறு நாட்டில் உள்ளவர்தான் படித்து ஒப்புதல் தர வேண்டும். நேர வித்தியாசம் இங்கே கைகொடுக்கும். இங்கே மாலையில் அனுப்பியதை அவர்கள் தங்கள் பிற்பகலில் படித்துவிடலாம், மறுநாள் காலை வரும்போது பதில் காத்திருக்கும். அன்றைய வேலையை நிறுத்தும்போது மூன்று வரி ஒப்படைப்புக் குறிப்பு: என்ன செய்தேன், எங்கே நிற்கிறது, எது புரியவில்லை. மூன்றாவது வரி காலியாக இருக்கக் கூடாது.

8. வாட்ஸ்அப் குழு

இது எல்லா வருடமும் நடக்கிறது. நம் மூன்று பேரும் தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு வைத்துக்கொள்வார்கள். தமிழில், வேகமாக, ஜாலியாகப் பேசி முடிவெடுப்பார்கள். பொதுச் சேனல் வெறிச்சோடிக் கிடக்கும். அந்தப் பக்கம் ஸ்வீடிஷ் மொழியில் இதே கதை. நான்காவது வாரம் ஒரு குழு இரண்டு குழுவாகியிருக்கும்.

தடை போடாதீர்கள், போட்டால் ஒளிந்து நடக்கும். அதுவும் தாய்மொழியில் யோசிப்பது நல்லது. ஆங்கிலத்தில் தயங்கும் மாணவர் முதலில் தமிழில் பேசித் தெளிந்துகொள்ளட்டும். ஒரே ஒரு விதி: எடுத்த முடிவு அன்றைக்கே பொதுச் சேனலில் ஆங்கிலத்தில் வர வேண்டும், காரணத்தோடு. சேனலில் இல்லாத முடிவு செல்லாது. மறு பக்கம் கேள்வி கேட்டால் மறுபடி பேச வேண்டும்.

ஆங்கிலத்தைப் பற்றி இன்னும் ஒன்று. உச்சரிப்பை யாரும் கேலி செய்யக் கூடாது என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஸ்வீடன்காரருக்கும் அது இரண்டாம் மொழிதான். கூட்டத்தில் பேசும்போதே ஒருவர் குறிப்பைத் திரையில் தட்டச்சு செய்துகொண்டிருக்கட்டும். காதில் தவறியது கண்ணில் பட்டுவிடும். இணைப்பு மோசமாக இருக்கும் நாளில் கேமராவை அணைத்தால் கோபிக்க வேண்டாம்.

9. வாரம் ஒரு முறை ஆசிரியர் பார்க்க வேண்டியது

ஒவ்வொரு குழுவையும் இரண்டு ஆசிரியர்களும் சேர்ந்து வாரம் பதினைந்து நிமிடம் சந்தியுங்கள். அதற்கு முன் சேனலையும், ஒவ்வொருவரும் பதிவு செய்த நிரல் மாற்றங்களான கமிட்களையும் புரட்டிப் பாருங்கள். ஒரே ஒருவர் பெயரில் கமிட் குவிந்திருக்கிறதா? யாராவது ஐந்து நாளாக எதுவும் எழுதவில்லையா? வரும் பதில்கள் எல்லாம் "ஓகே" என்ற ஒரே சொல்லா? எனக்கு அதிகம் கவலை தருவது கடைசி அறிகுறி. சண்டை போடும் குழு எப்படியாவது தேறிவிடும். எல்லாவற்றுக்கும் ஓகே சொல்லும் குழுதான் திடீரென்று நின்றுவிடும்.

மௌனமானவரிடம் எல்லோர் முன்னாலும் ஏன் என்று கேட்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, தமிழில் கேளுங்கள். பத்தில் ஐந்து முறை விஷயம் வீட்டில் இருக்கும்: கணினி பழுது, உடல்நிலை, கல்விக்கடன் அலைச்சல். அதில் எவ்வளவு சொல்லலாம் என்று அவரிடமே கேட்டு, "இந்த வாரம் என்னால் முடியாது" என்ற செய்தியை அவரையே குழுவுக்கு எழுதச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் கிடைக்கும் பதில் பெரும்பாலும் அன்பானதாகத்தான் இருக்கும். அந்த மாணவருக்கு அது ஆச்சரியமாக இருக்கும்.

10. மதிப்பெண்

நான் வைக்கும் பங்கு இது: செயலிக்கு 40, சேர்ந்து வேலை செய்த விதத்துக்கு 40, தனிப்பட்ட சிந்தனைக் குறிப்புக்கு 20. சேர்ந்து வேலை செய்த விதம் என்றால் கேள்விகள், நிரல் படித்து எழுதிய குறிப்புகள், கூட்டக் குறிப்புகள், சொற்பட்டியலைப் புதுப்பித்தது எல்லாம். கமிட் எண்ணிக்கையை வைத்து மதிப்பெண் போடாதீர்கள். அடுத்த நாளே ஒரு வரி மாற்றிப் பத்துக் கமிட் போடுவார்கள்.

குழுவினர் ஒருவரை ஒருவர் மதிப்பிடும் படிவத்தை நடுவில் ஒரு முறையும் கடைசியில் ஒரு முறையும் கொடுங்கள். நடுவில் கொடுப்பதற்கு மதிப்பெண் கூடாது, திருத்திக்கொள்ளத்தான் அது. நம் மாணவர்கள் எல்லோருக்கும் முழு மதிப்பெண் போடுவார்கள், நண்பரைக் காட்டிக்கொடுக்க மனம் வராது. அதனால் எண் கேட்காதீர்கள். "இவர் செய்ததில் உனக்கு உதவிய ஒன்று எது, மாற்றிக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று நினைப்பது எது" என்று கேளுங்கள். அப்போது எழுதுகிறார்கள்.

எல்லாக் குழுவையும் இரு ஆசிரியர்களும் தனித்தனியாக மதிப்பிட்டு, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் வருடம் பெரிய வித்தியாசம் வரும். எதையெல்லாம் காப்பியடித்ததாகக் கருதுவது, ஏ.ஐ. கருவியை எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் வேறு. இரண்டுக்கும் ஒரே விதியை முதல் வாரமே எழுதிவிட்டால் கடைசியில் குற்றச்சாட்டு வராது.

11. கடைசி வாரம்

பளபளப்பான ஸ்லைடுகளோடு ஒரு விளக்கக் கூட்டம் என்பது வழக்கம். அதை அரைமணியில் முடித்துவிடுங்கள். நான் அதிகம் மதிப்பது வேறு சோதனையை. ஒவ்வொரு குழுவின் திட்டத்தையும் இன்னொரு குழுவிடம் கொடுங்கள். அவர்களிடம் நிரலோடு வரும் ரீட்மி என்ற விளக்கக் கோப்பைத் தவிர வேறு வழிகாட்டுதல் எதுவும் இருக்கக் கூடாது. சுத்தமான கணினியில் அதை நிறுவி, ஓட்டி, ஒரு சிறிய மாற்றம் செய்து சேர்க்க வேண்டும். எழுதிய குழு பக்கத்தில் இருந்து பார்க்கலாம், வாய் திறக்கக் கூடாது. எங்கே திணறுகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ள மட்டும் அனுமதி. அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் தன் சிந்தனைக் குறிப்பை எழுதட்டும்.

மாணவர்கள் போன பிறகு இரு ஆசிரியர்களும் அதே வாரத்தில் ஒரு மணிநேரம் பேசி, அடுத்த வருடத்துக்கு மாற்ற வேண்டியதை எழுதிவிடுங்கள். அடுத்த அக்டோபர் கடைசி ஞாயிறு எந்தத் தேதி, தீபாவளி எந்தத் தேதி என்று பார்த்து நாட்காட்டியில் குறித்துக்கொண்டு அழைப்பை முடியுங்கள்.